பழைய மரக்கடைச் சரக்கு: எது தேறும், எது தேறாது

வீடு இடிக்கிற ஒப்பந்தக்காரர், கம்பியையும் மரத்தையும் என்ன விலைக்குத் தள்ளலாம் என்று மனக்கணக்குப் போட்ட பிறகுதான் இடிக்கிற ரேட்டையே பேசுகிறார். அப்படிக் கழற்றிய உத்திரம், கைமரம், நிலை, கதவு, ஜன்னல், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் வந்து சேருகிற இடம் பழைய மரக்கடை. தகரக் கூரை, பாதிச் சரக்கு வெட்டவெளியில், ஒரு மேசை, ஒரு டேப். எந்தக் கட்டையைக் காட்டிக் கேட்டாலும் "பர்மா தேக்கு சார்" என்ற ஒரே பதில்.

இது ஒரு தனிக்கடைக்கான மதிப்பீடு இல்லை. இந்த மாதிரிக் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் சரக்கை வகை பிரித்து, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று பார்த்திருக்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஓட்டு வீடுகளிலும் மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை) வீடுகளிலும் கழற்றிய உத்திரக் கட்டைகளைத் தாராளமாக வாங்கலாம். நிலையும் கதவும் பார்த்து வாங்க வேண்டியவை. பேலட் (தொழிற்சாலைச் சரக்கு ஏற்றிவருகிற மரத்தட்டு) பலகை, தன் உழைப்புக்குக் கூலி போடாதவர்களுக்கு லாபம். தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ரயில் ஸ்லீப்பர் கட்டையை வீட்டுக்குள் ஏற்றவே கூடாது. மரத்தூளை அழுத்திச் செய்த பழைய பார்ட்டிகிள் போர்டை இலவசமாகக் கொடுத்தாலும் வண்டிக்கூலி நஷ்டம்.

தேறுகிற கணக்கு

மரம் கன அடியில் விற்கிறது. அகலம் அங்குலத்தில், கனம் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. 6க்கு 4 அங்குலக் கட்டை, 6 அடி நீளம் என்றால் சரியாக ஒரு கன அடி. இந்த ஒரு அளவை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் பாதி ஏமாற்று அங்கேயே தெரிந்துவிடும்.

இனி தேறுகிற கணக்கு. 6க்கு 4, 8 அடி உத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1.33 கன அடி. கன அடி 2,000 ரூபாய் என்று வைத்தால் 2,667 ரூபாய். இரண்டு முனையும் சுவருக்குள் இருந்தவை. இத்துப்போயிருக்கும், அல்லது கரையான் தொட்டிருக்கும். முனைக்கு அரை அடி வெட்டினால் 7 அடி மிச்சம். நாலு பக்கமும் சுண்ணாம்பும் பெயிண்டும் போக, பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் சீவ வேண்டும். கட்டை 5¾க்கு 3¾ ஆகிறது. இதை மூன்று பலகையாக அறுத்து, வாள் தின்னது போக ஒரு அங்குலத்துக்கு இழைத்தால், கையில் நிற்பது 0.84 கன அடி. அதாவது வாங்கியதில் 63 சதவீதம். கன அடி 2,000க்கு வாங்கிய மரம் இப்போது 3,180 ரூபாய் மரம். அறுவைக் கூலி இன்னும் சேரவில்லை.

அதே உத்திரத்தை அறுக்காமல், இழைத்து 5½க்கு 3½ நிலைக்காலாகவே வைத்துக்கொண்டால் 0.94 கன அடி, 70 சதவீதம் தேறும். அறுவைக் கூலியும் இல்லை. கனமான கட்டையைக் கனமாகவே பயன்படுத்து என்று பழைய ஆசாரிகள் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் அடிப்படை. பலகை வேண்டுமென்றால் பழைய பலகையைத் தேடுவதும், சட்டம் வேண்டுமென்றால் பழைய ஜன்னல் சட்டத்தைத் தேடுவதும் புத்திசாலித்தனம். உத்திரத்தை வாங்கி ரீப்பராக (மெல்லிய சட்டமாக) அறுக்கிறவர் பாதி மரத்தைத் தூளாகவும் சீவலாகவும் வாங்குகிறார். புது மரத்திலும் இழைப்பில் கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆனால் இந்த அளவுக்குப் போகாது. ஆகவே புது மரத்தின் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கேட்கிற பழைய மரத்தை, விசேஷக் காரணம் இல்லாவிட்டால், விட்டுவிடலாம் என்பது எங்கள் கணிப்பு.

அளவில் நடக்கிற தில்லுமுல்லு பெரும்பாலும் முழுமையாக்கலில்தான். 4¾க்கு 2¾ இருக்கிற சட்டத்தை "5க்கு 3" என்று எழுதுவார்கள். கேட்டால் "கால் அங்குலம்தானே" என்பார்கள். பெருக்கிப் பாருங்கள்: 13.06 எங்கே, 15 எங்கே. இல்லாத மரத்துக்கு நூற்றுக்குப் பதின்மூன்று ரூபாய். இத்துப்போன முனையையும் சேர்த்து நீளம் அளப்பது இன்னொன்று. நல்ல கடைக்காரர் முனையை வெட்டிவிட்டு அளக்கச் சம்மதிப்பார், அல்லது அரை அடி தள்ளித் தருவார். இரண்டுக்கும் மறுக்கிற கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நாங்கள் மதிப்பெண் தரமாட்டோம்.

தேக்கா, வேறா?

செட்டிநாட்டு வீடுகளிலும் பழைய சென்னை வீடுகளிலும் பர்மா தேக்கு ஏராளமாகப் போயிருக்கிறது என்பது உண்மை. பர்மாவில் தொழில் செய்த நகரத்தார் கப்பலில் கொண்டுவந்தது அது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்போடு அந்தத் தொடர்பு அறுந்தது. பிற்காலத்தில், 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் உருட்டுமர ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. ஆக, பர்மா தேக்கு என்றால் பழைய வீட்டு மரம்தான் நம்பகமான வழி. ஆனால் பழைய வீட்டில் இருந்தது எல்லாமே தேக்கு ஆகிவிடாது. சாதாரண வீடுகளில் வேங்கை, கருமருது, பலா, வேம்பு, பூவரசு, பனை என்று அக்கம்பக்கத்தில் கிடைத்ததைத்தான் போட்டார்கள். அவையும் நல்ல மரங்களே. தேக்கு விலைக்கு வாங்காமல் இருந்தால் சரி.

முதல் சோதனை தூக்கிப் பார்ப்பது. காய்ந்த தேக்கு கன அடிக்கு 18, 19 கிலோ. மேலே சொன்ன 6க்கு 4, ஆறடிக் கட்டை அந்த எடை இருக்க வேண்டும். வேங்கை 22, 23 கிலோ. கருமருது 24, 25. பைன் 13, 14 தான். மழையில் நனைந்த கட்டை எடை கூடிப் பொய் சொல்லும். ஆகவே மழைக்காலத்தில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, ஒரு மூலையில் இழைப்புளியை இரண்டு இழுப்பு இழுக்கச் சொல்வது. தேக்குச் சீவல் பொன்பழுப்பாக இருக்கும், விரலில் லேசான மெழுகுப் பிசுக்கு ஒட்டும், தோல் பதனிட்ட மாதிரி ஒரு வாசனை வரும். நூறு வருஷக் கட்டையிலும் அந்த வாசனை உள்ளே இருக்கும். வேங்கைச் சீவலை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தால் தண்ணீர் மஞ்சள்பழுப்பாகி, வெயிலில் பிடித்துப் பார்க்கும்போது நீலச் சாயல் அடிக்கும். தேக்கு அப்படிச் செய்யாது. இழைக்க விடமாட்டேன் என்கிற கடையில் மேல்தோல் நிறத்தை வைத்து மரம் சொல்வது ஜோசியம்.

வளையம் நெருக்கமாக இருந்தால்தான் உறுதி என்று ஒரு பேச்சு உண்டு. தேக்குக்கு அது அப்படியே பொருந்தாது. பார்க்க வேண்டியது வைரம் (முற்றிய உள்மரம்) எவ்வளவு, வெள்ளை (வெளிப்புற இளமரம்) எவ்வளவு என்பதை. தேக்கின் வைரத்தில் டெக்டோகுவினோன் என்ற பொருள் இருக்கிறது. கரையான் அதை ஒதுக்கும். வெளிப்புற வெள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பழைய உத்திரங்கள் பெரிய மரங்களில் அறுத்தவை. பெரும்பாலும் முழு வைரம். கானா, நைஜீரியா, ஈக்வடார் போன்ற நாடுகளின் தோட்டங்களிலிருந்து வருகிற இளந்தேக்கில் வெள்ளை அதிகம். பழைய மரத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு நியாயமான காரணம் இதுதான். "அந்தக் காலத்து மரம்" என்ற பெருமைக்குக் காசு தர வேண்டியதில்லை.

கட்டையைப் பார்க்கிற முறை

சுத்தியலின் பின்பக்கத்தால் கட்டையை அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் மொத்தென்று விழுந்தால் உள்ளே கோறை. அங்கே ஊசி முனையுள்ள தமரூசியைக் குத்திப் பாருங்கள். நல்ல வைரத்தில் மூன்று, நான்கு மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. இத்த மரத்தில் வெண்ணெயாக இறங்கும். சந்தேகம் தீராவிட்டால் அடிப்பக்கத்தில் 6 மில்லிமீட்டர் ட்ரில் போட்டு வருகிற தூளைப் பார்க்கலாம். சுருள் சுருளாக வந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. கறுத்த பொடியாக வந்தால் விட்டுவிடலாம்.

உளு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் ஓட்டைகள், அதிலிருந்து மைதா மாவு மாதிரி பொடி உதிர்ந்தால் அது உளுவண்டு. அது மாவுச்சத்துள்ள வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். தேக்கின் வைரத்தில் ஓட்டை இருக்காது. ஓட்டைகளைப் பார்த்ததும் கட்டையை ஒதுக்குகிறவர்கள் நல்ல மரத்தை விட்டுவிடுகிறார்கள். கவனிக்காமல் வாங்குகிறவர்கள் வீட்டு நாற்காலிக்கெல்லாம் உளுவைக் கொண்டுபோகிறார்கள். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஓட்டைகளைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, கட்டைக்கு அடியில் கறுப்புக் காகிதம் விரித்து, இரண்டு மூன்று வாரம் வைக்க வேண்டும். புதுப்பொடி விழாவிட்டால் அது எப்போதோ முடிந்த கதை. விழுந்தால் வெள்ளையை முழுக்கச் சீவி எறிந்துவிட்டு, மிச்சத்துக்குப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் அடிக்கலாம். பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் போராக்ஸ், 200 கிராம் போரிக் அமிலம். வெந்நீரில் கரைத்து, பெயிண்ட் எடுத்த மரத்தில் மூன்று கோட்டிங், ஒன்று காய்வதற்குள் அடுத்தது. பெயிண்டோ பாலிஷோ இருக்கிற மரத்தில் அடித்தால் மேலேயே நின்றுவிடும், உள்ளே போகாது. மழை படுகிற இடத்துக்கும் இது உதவாது. தண்ணீரோடு கரைந்து போய்விடும்.

ஆணிக்கு வருவோம். காந்தம் இரும்பை மட்டும் காட்டும். படகு மரத்தில் இருக்கும் செம்பு ஆணியும், கதவில் ஒடிந்து நிற்கும் பித்தளைத் திருகும் காந்தத்துக்குத் தெரியாது. ஆகவே கையடக்க மெட்டல் டிடெக்டர் நல்லது. எந்தக் கருவியும் இல்லாதபோது கண்ணே கருவி: தேக்கில் இரும்பு பட்ட இடம் கறுத்து, நீளவாக்கில் மை ஒழுகின மாதிரி கோடு போட்டிருக்கும். அந்தக் கறையின் நடுவில் ஆணியோ ஆணியின் மிச்சமோ இருக்கும். எடுத்த பிறகு கறை உறுத்தினால், ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்துத் தடவி, மறுநாள் நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்தால் போய்விடும். அது விஷம், கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

நிலை, கதவு, ஜன்னல்

கடையில் கண்ணைக் கவர்கிற சரக்கு இதுதான், ஏமாறுவதும் இங்கேதான் அதிகம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வேலைப்பாட்டுக் கதவுகளையும் தூண்களையும் பழம்பொருளாகவே விற்கிறார்கள். அந்த விலை கலைக்கான விலை. கன அடிக் கணக்குக்கு அங்கே இடமில்லை. நாம் பேசுவது சாதாரண நிலை, கதவுகளைப் பற்றி.

பழைய கதவுகள் குள்ளம். ஆறடிக்கும் குறைவாக இருப்பது சகஜம். இன்றைய வாசலுக்கு ஏழடி நிலை. இதைக் கவனிக்காமல் வாங்கிவந்து, கதவின் அடியில் ஒரு துண்டு வைத்து ஒட்டுவார்கள். தண்ணீர் படுகிற இடத்தில் ஒட்டு. இரண்டு மழையில் பிளந்துவிடும். உயரம் போதாவிட்டால் நிலையின் தலைக்கு மேல் ஒரு காற்றுப்போக்கி வைத்து வாசலை நிரப்புவதே முறை. இன்னொன்று, பல பழைய கதவுகளுக்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் குடுமி (கதவிலேயே நீட்டிவிட்ட முளை) நிலையின் குழியில் உட்கார்ந்து சுழலும். குடுமிக் கதவென்றால் நிலையோடு சேர்த்து வாங்குங்கள். கதவை மட்டும் வாங்கி, குடுமியை அறுத்துவிட்டுக் கீல் போட்டால், இரண்டு அங்குலக் கனக் கதவின் பாரம் மூன்று கீலில் தொங்கும்; கொஞ்ச நாளில் கதவு தரையைத் தேய்க்கும்.

நிலையில் முதலில் பார்க்க வேண்டியது கீழ் ஓரடி. தரைக்குள் புதைந்த பகுதி அது. கழுவின தண்ணீர், கரையான் எல்லாம் அங்கிருந்துதான் ஏறும். அந்த ஓரடியை வெட்டிவிட்டு, கீழே கருங்கல் பாதம் வைத்து நிலையை நிறுத்தினால் பழைய நிலை இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். மூலைப் பொருத்தில் கழுந்து (துளைக்குள் நுழைகிற முனை) ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் குற்றமில்லை, கழற்றி ஆப்பு வைத்து இறுக்கலாம். கழுந்தே உடைந்திருந்தால் அந்தக் கால் நீளத்தில் நாலு அங்குலம் குறையும்.

பெயிண்ட் இந்தச் சரக்கின் பெரிய ஆபத்து. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எந்தப் பெயிண்டையும் ஈயம் கலந்தது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். நாலைந்து கோட்டிங் ஏறின பச்சைக் கதவை சாண்டிங் மெஷின் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும். தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் அது விபரீதம். ப்ளோ லேம்ப்பும் கூடாது, ஈயப்புகை வரும். பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறவைத்து, ஈரமாகவே சுரண்டி, சுரண்டினதைப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதுதான் வழி. பெயிண்ட் உறுதியாகப் பிடித்திருந்தால் சுரண்டாமல் மேலே புதிதாக அடித்துவிடுவது அதைவிடச் சுலபம், பாதுகாப்பும்கூட. இந்த உரிப்பு வேலைக்கான கூலியைச் சேர்த்தால் பெயிண்ட் அடித்த கதவின் விலை பல நேரம் புதுக்கதவைத் தாண்டிவிடும். வார்னிஷ் மட்டும் கண்ட கதவுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

பனைமரத்தில் எடுத்த கைமரமான பனங்கையைப் பற்றி ஒரு வார்த்தை. கறுத்து முற்றின பனங்கை ஓட்டுக்கூரைக்கு மறுபடி போட அருமையான சரக்கு, விலையும் குறைவு. அறுக்க மட்டும் நினைக்காதீர்கள். வெளிநார் இரும்பு, உள்சோறு பஞ்சு. வாள் மழுங்கும், சிராய் கையில் ஏறும்.

பேலட்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு இயந்திரப் பாகங்கள் வருகிற பைன் பெட்டிகளும் பேலட்டுகளும் பழைய சாமான் வியாபாரிகள் வழியாகக் கைமாறுகின்றன. வாங்குமுன் பக்கவாட்டில் முத்திரை தேடுங்கள். கோதுமைக் கதிர் படம், இரண்டு எழுத்து நாட்டுக்குறி, ஒரு எண், அதன் பிறகு சிகிச்சைக் குறி. ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதிப்படி அடித்தது. எச்டி (HT) என்றால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் தொடர்ந்து 30 நிமிடம் சூடுபட்டது. எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. புகை நாளடைவில் பறந்துவிடும் என்றாலும் கட்டிலுக்கும் சமையலறைக்கும் எம்பி மரத்தைத் தவிர்ப்பதே நல்லது. முத்திரை இல்லாதது உள்நாட்டுப் பேலட். கெட்டது என்று அர்த்தமில்லை, எந்த மரம் என்று தெரியாது, அவ்வளவுதான்.

எச்டி முத்திரையைப் பார்த்துவிட்டு "ட்ரீட்மென்ட் செய்த மரம், கரையான் வராது" என்று விற்கிறார்கள். இது தப்பு. சூடு, அன்றைக்கு உள்ளே இருந்த பூச்சியைக் கொல்லும். நாளைக்கு வருகிற கரையானை அது தடுக்காது. மழையும் மண்ணும் படுகிற இடத்தில் பைன் பேலட் இரண்டு மழைக்காலம் தாண்டுவது அரிது. தோட்டத்துக்குப் பெஞ்சு செய்ய இது மரமே அல்ல. வீட்டுக்குள் அலமாரி, பெட்டி, சுவர்ப் பலகை என்றால் நன்றாக வரும். எண்ணெய்க் கறை, ரசாயன நெடி உள்ளதைத் தொடாதீர்கள். நீலமாகத் திட்டுத் திட்டாக இருந்தால் அது பூஞ்சைக் கறை, பலத்தைக் குறைக்காது.

ஐரோப்பிய பேலட் ஒன்று 1200க்கு 800 மில்லிமீட்டர். 11 பலகை, 9 கட்டை, 78 ஆணி. பலகைக் கனம் 22 மில்லிமீட்டர். பலகைகளை மட்டும் கூட்டினால் சுமார் 1.2 கன அடி. இழைத்து 17, 18 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 0.9 கன அடிக்குச் சற்று மேல். கட்டைகளில் சில, மரத்தூளை அழுத்திச் செய்தவை. அவை கணக்கில் சேராது.

இதைப் பிரிப்பதில்தான் ஆட்கள் தோற்கிறார்கள். ஆணிகள் முறுக்கு ஆணிகள். கடப்பாரையால் நெம்பினால் ஆணி வராது, பலகைதான் பிளக்கும். இருபுறமும் ஆட்டிக்கொண்டு நெம்பினாலும் மூன்றில் ஒரு பலகை போய்விடும். ரெசிப்ரொகேட்டிங் சாவில் இரும்பு அறுக்கிற பைமெட்டல் பிளேடு போட்டு, பலகைக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து ஆணியையே அறுத்துவிடுவது சரியான வழி. முதலில் நடுவரிசை, பிறகு ஓரங்கள். ஓரத்தை முதலில் விட்டால் பலகை ஆடி பிளேடைக் கவ்வும். பலகையில் மிஞ்சின தலைத்துண்டுகளைப் பின்னாலிருந்து பஞ்ச் வைத்துத் தட்டினால் முன்னால் எட்டிப்பார்க்கும், குறடால் இழுத்துவிடலாம். அதற்குப் பிறகும் டிடெக்டர் ஓட்டாமல் இழைப்பு மெஷினில் விடக்கூடாது.

விட்டுவிட வேண்டியவை

பழைய ரயில் ஸ்லீப்பர்களில் பல கிரியோசோட் என்ற தார் எண்ணெயில் ஊறியவை. வெயில் பட்டால் இன்றும் கசியும், நெடி அடிக்கும். காய்கறிப் பாத்தி ஓரத்துக்கோ அடுப்புக்கோ ஆகாது. வீட்டு மேசைக்கு அறவே ஆகாது. கான்கிரீட் வார்க்க அடியில் தாங்கு கொடுக்கிற சென்ட்ரிங் ப்ளைவுட்டில் சிமென்ட் ஏறியிருக்கும், எந்தப் பிளேடும் தாங்காது. திரும்பவும் சென்ட்ரிங்குக்கே போகட்டும். பழைய மாடுலர் கிச்சனின் பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை திருகு கண்டால் மறுமுறை பிடிக்காது, ஈரம் கண்டால் ஊதும். ஈட்டி, சந்தனம் என்று யாராவது காட்டினால் பில்லும் வனத்துறைக் காகிதமும் இல்லாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அறுவையும் அதற்குப் பிறகும்

கடையில் வாங்குவது பாதி வேலை. பல மில்களில் பழைய மரத்தை ஏற்றுவதே இல்லை. ஒரு ஆணி போதும் பேண்ட்சா பிளேடு பல் போக. ஏற்றுகிறவர்களும் பிளேடு போனால் உங்கள் செலவு என்று முன்கூட்டியே பேசிக்கொள்வார்கள், அது நியாயம்தான். ஆணிக்கு அடுத்த எதிரி சுண்ணாம்புக் காரை. மெட்ராஸ் டெரஸ் உத்திரத்தின் மேல்பக்கம் மணலும் சுண்ணாம்பும் வெடிப்புக்குள் இறங்கியிருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காயவிட்ட பிறகே மில்லுக்கு ஏற்ற வேண்டும். சில கடைகள் ஆணி பிடுங்கி, முனை வெட்டி, கழுவித் தருகின்றன. அந்தச் சேவைக்கு அவர்கள் கேட்கிற தொகை பெரும்பாலும் கொடுக்கத் தக்கதே, ஆள் வைத்து நாம் செய்தால் அதைவிட அதிகம் ஆகும்.

பழைய மரம் காய்ந்த மரம், உடனே வேலைக்கு எடுக்கலாம் என்பதும் முழு உண்மையில்லை. மேல்பகுதி காய்ந்திருக்கும், கனக்கட்டையின் உள்ளே, அதுவும் கடை முற்றத்தில் மழை வாங்கியிருந்தால், ஈரம் நிற்கும். அறுத்ததும் பலகை வில்லாக வளைவது இதனால்தான். அறுத்த புதுமுகத்தில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். 12 சதவீதத்தைச் சுற்றி இருந்தால் நல்லது. 15க்கு மேல் என்றால் ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் வைத்து நிழலில் அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். அறுக்கும்போதே தேவைக்கு 3 மில்லிமீட்டர் கூடுதல் கனம் விட்டிருந்தால் அப்போது இழைத்து நேராக்க மரம் இருக்கும்.

தேக்கில் எண்ணெய் உண்டு. இழைத்த அன்றே, தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டுப் பசை போடுங்கள். மறுநாளைக்கு வைத்தால் எண்ணெய் மேலே வந்து பிடிப்பு குறையும். ஆணி ஓட்டைகளுக்கு மரத்தூளும் பசையும் பிசைந்து அடைப்பார்கள்; பாலிஷ் போட்டதும் அம்மைத்தழும்பு மாதிரி தெரியும். அதே மரத்தில் முளை சீவி, இழை ஓட்டத்தைப் பார்த்து அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. தேக்குத் தூள் சிலருக்குத் தோலரிப்பும் மூச்சிரைப்பும் தரும். எந்த மரத்தூளும் நாளடைவில் மூக்குப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. என்95 முகக்கவசம் போடாமல் மெஷின் பக்கம் போக வேண்டாம்.

கடைசியாக, கடையில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு மூலை. மூன்றடிக்குக் குறைந்த துண்டுகளை விறகுக் கணக்கில் கிலோவுக்கு விற்பார்கள். டீக்கடை, சூளை என்று போய்விடும். எரிந்தால் ஒரு கன அடி தேக்குக்கு ஏறக்குறைய 30 கிலோ கரியமில வாயு. எங்கள் மதிப்பீட்டில் கடையிலேயே அதிகம் தேறுகிற சரக்கு இந்தக் குவியல்தான். கிலோ 15 ரூபாய் என்று வைத்தாலும் தேக்கு கன அடிக்கு 280 ரூபாய்தான் வருகிறது. ஸ்டூல் கால் ஒன்றரை அடி, டிராயர் முகப்பு ஒன்றரை அடி, மேசைக் கால் இரண்டரை அடி. நீளமான உத்திரத்தை வெட்டி இவற்றைச் செய்ய யாருக்கும் அவசியமில்லை. தூக்கிப் பார்த்து, முனையில் இழைப்புளி ஓட்டி, பெயிண்ட் இல்லாததாகப் பொறுக்குங்கள். பொறுக்க விடமாட்டேன், லாட்டாக எடு என்றால் பைனும் வேம்பும் கலந்துதான் வரும். அப்போதும் விறகு விலைதானே என்று எடுத்துவந்து வீட்டில் பிரித்துக்கொள்ளலாம், பெயிண்ட் பட்டதை மட்டும் அடுப்பில் போடாமல்.